லைவ் டீலர் பக்கரா: தம்பியின் சிவப்பு நீலக் கொப்பியில் ஏதாவது இருக்கிறதா?

கேள்வி – வெள்ளவத்தை அக்கா

வணக்கம். கசினோ விளையாட்டு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். புத்திமதி எல்லாம் அம்மா சொல்லி முடித்துவிட்டார். எனக்கு வேண்டியது விளக்கம்.

என் தம்பிக்கு 26 வயது. புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், வீட்டுக்கு ஒழுங்காகச் செலவு தருகிறவன். சில மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் லைவ் டீலர் பக்கரா ஆடுகிறான். ஒளித்து ஆடுவதில்லை, ஹோலில் எனக்குப் பக்கத்தில் இருந்துதான் ஆடுகிறான். அதனால் நானும் பார்க்கிறேன். ஒரு பெண் மேசைக்குப் பின்னால் இருந்து கார்ட் இழுக்கிறார். யாராவது எழுத்தில் ஏதும் கேட்டால் பெயர் சொல்லிப் பதில் சொல்கிறார். பேங்கர், ப்ளேயர் என்று இரண்டு பக்கம். எந்தப் பக்கம் ஒன்பதுக்குக் கிட்ட வருகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். இவ்வளவும் எனக்கு விளங்குகிறது.

விளங்காதது அவன் கொப்பி. பள்ளிப் பிள்ளைகளின் சதுர றூள் கொப்பி ஒன்றில் பேங்கருக்குச் சிவப்பு வட்டம், ப்ளேயருக்கு நீல வட்டம், சமமானால் பச்சைக் கோடு என்று பக்கம் பக்கமாகக் கீறி வைத்திருக்கிறான். சிவப்பு இத்தனை தரம் விழுந்தால் அடுத்து நீலம், நீலம் ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் அதையே தொடர வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறான். டெலிகிராமில் யாரோ காசுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

அந்தப் பெண் உண்மையாகவே கார்ட் இழுக்கிறாரா, அல்லது எல்லாம் பதிவு செய்த படமா? கொப்பியில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இன்னொன்று. அவன் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாகக் காட்டுகிறது. போன பௌர்ணமிப் போயாவுக்கு முன்பே வெளியே எடுக்கக் கேட்டான், இன்னும் "பரிசீலனையில்" என்றே நிற்கிறது. இது வழக்கமா?

பதில் – பழைய டீலர்

தங்கச்சி, நான் கொழும்பில் ஒரு கசினோவில் பல வருடம் டீலராக இருந்தவன். கூடுதலாக நின்றது பக்கரா மேசையில்தான். இப்போது காலி வீதிப் பக்கம் கொம்யூனிகேஷன் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ரீலோட் போட வரும் பொடியன்கள் கவுண்டரில் சாய்ந்தபடி இந்த விளையாட்டை ஆடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்க விருப்பம். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெண். பெயர்பெற்ற கம்பனிகளின் மேசை என்றால் அவர் உண்மையான டீலர், கார்ட்டும் உண்மையான கார்ட். 2006இல் தொடங்கிய எவொலூஷன் என்ற கம்பனியின் பெரிய ஸ்டூடியோ ஒன்று லத்வியா நாட்டின் ரீகா நகரத்தில் இருக்கிறது. அங்கே கார்ட் இழுக்கும்போதே இயந்திரம் அதைப் படித்து உங்கள் திரைக்கு எண்ணை அனுப்புகிறது. எட்டுக் கட்டு, அதாவது 416 கார்ட், ஒரு ஷூவில், அதாவது கார்ட் இழுக்கும் பெட்டியில், இருக்கும். நாங்கள் கொழும்பில் செய்ததும் அதுவேதான். கலைத்த கார்ட்டை வாடிக்கையாளர் வெட்டுவார். ஷூவின் கடைசிப் பகுதியில், எங்கே நிறுத்துவது என்று காட்டும் வெட்டுக் கார்ட்டைச் செருகுவோம். முதல் கார்ட்டைத் திருப்பி, அதில் என்ன எண்ணோ அத்தனை கார்ட்டை ஓரம் தள்ளுவோம். பிறகுதான் ஆட்டம்.

இந்த விளையாட்டில் டீலருக்கோ ஆடுகிறவருக்கோ தீர்மானிக்க ஒன்றுமே கிடையாது. இதை உங்கள் தம்பி அறிந்திருப்பார், நீங்களும் அறிய வேண்டும். முதல் இரண்டு கார்ட்டின் கூட்டுத்தொகை (பத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கம் மட்டும்) யாருக்காவது எட்டோ ஒன்பதோ வந்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் ப்ளேயர் பக்கம் 5 வரை இருந்தால் மூன்றாவது கார்ட் எடுக்கும், 6, 7 என்றால் நிற்கும். பேங்கர் பக்கத்துக்குத்தான் கொஞ்சம் சிக்கலான அட்டவணை. பேங்கர் 3 என்றால் ப்ளேயரின் மூன்றாவது கார்ட் எட்டாக இருந்தால் மட்டும் நிற்கும், மற்ற எதற்கும் எடுக்கும். 4 என்றால் இரண்டிலிருந்து ஏழு வரைக்கும் எடுக்கும். 5 என்றால் நாலிலிருந்து ஏழு. 6 என்றால் ஆறுக்கும் ஏழுக்கும் மட்டும். பயிற்சிக் காலத்தில் இதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். பேங்கர் தன் முறைக்கு முன்பே எதிர்ப்பக்கத்தின் மூன்றாவது கார்ட்டைப் பார்த்துவிடுகிறது. அதனால்தான் அது கொஞ்சம் கூடுதலாக ஜெயிக்கிறது. பேங்கர் 45.86 வீதம், ப்ளேயர் 44.62 வீதம், சமம் 9.52 வீதம். பேங்கரில் ஜெயித்தால் 5 வீதம் கொமிஷன் வெட்டுவது அந்தக் கூடுதலைத் திருப்பி எடுக்கத்தான்.

அப்படியானால் கார்ட்டில் ஏமாற்றுகிறார்களா? ஒரு லைவ் பக்கரா மேசையில் ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் கட்டலாம், எல்லாருக்கும் அதே இரண்டு பக்கக் கார்ட்தான். பாதிப் பேர் சிவப்பில், பாதிப் பேர் நீலத்தில். ஒரு பக்கத்தை ஏமாற்றினால் மறுபக்கத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். மேசைக்காரருக்கு அந்தத் தேவையே இல்லை. பேங்கரில் கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 1 ரூபா 6 சதம் அவருக்கு. ப்ளேயரில் 1 ரூபா 24 சதம். எட்டு மடங்கு கொடுக்கும் டையில், அதாவது சமமாகும் என்று கட்டுவதில், 14 ரூபா 36 சதம். பெயர், நிறம், இசை எல்லாம் எப்படி மாறினாலும் அவருடைய சம்பளம் இதுதான். நேர்மையான கார்ட்டிலேயே வருகிறது.

100 ரூபாவில் ஒரு ரூபா என்றால் சின்னக் காசு போலத் தெரியும். அந்தச் சின்னக் காசைப் பெரிதாக்குவது வேகம். எங்கள் பெரிய மேசையில் சீன வாடிக்கையாளர்கள் வந்தால் கார்ட்டை அவர்கள் கையில்தான் கொடுப்போம். முகம் கீழே இருக்க, இரண்டு கையாலும் மூடி, ஓரத்தை மெல்ல மெல்ல மடித்துப் பார்ப்பார்கள். ஓரத்தில் எத்தனை புள்ளி தெரிகிறது என்பதில் ஆறா, ஏழா, எட்டா என்று ஊகிப்பார்கள். நீளப் பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பி அகலப் பக்கம் பார்ப்பார்கள். கார்ட் கசங்கிப் போகும், அதனால் அதை மறுபடி பாவிக்க மாட்டோம். பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கை, அதாவது ஒரு ஆட்டம், முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். மணித்தியாலத்துக்கு நாற்பது கை நடந்தால் பெரிய விஷயம். அந்த ஆட்கள் தோற்றாலும் மெதுவாகத் தோற்றார்கள். நடுவில் தேநீர் குடித்தார்கள், எழுந்து நடந்தார்கள்.

போனில் சாதாரண லைவ் மேசையில் ஒரு கை ஏறக்குறைய 48 விநாடி. "ஸ்பீட்" என்று போட்ட மேசையில் 27 விநாடி. கார்ட் நேராகவே திறந்து விழும். மணித்தியாலத்துக்கு 133 கை வருகிறது. கைக்கு 500 ரூபா பேங்கரில் கட்டினால் 66,500 ரூபா மேசையைக் கடந்து போகிறது, அதில் சராசரியாக 700 ரூபா மேசைக்காரருக்கு. இது பேங்கரில் மட்டும் ஒழுங்காகக் கட்டுகிற ஆளுக்கு.

இனி அதே ஆள் ஒவ்வொரு கைக்கும் "சும்மா ஒரு 100" என்று டையிலும் போடுகிறார் என்று வையுங்கள். 133 கைக்கு 13,300 ரூபா. அதன் 14.36 வீதம் 1,900 ரூபாவுக்கு மேல். 500 ரூபாக் கட்டில் போனது 700, 100 ரூபாக் கட்டில் போனது 1,900. பேங்கர் ஜோடி, ப்ளேயர் ஜோடி என்று இரண்டு பெட்டி இருக்கும், அந்தப் பக்கத்தின் முதல் இரண்டு கார்ட்டும் ஒரே மாதிரி வந்தால் 11 மடங்கு கொடுக்கும். அதில் மேசைக்காரருக்கு 10.36 வீதம். இரண்டிலும் 100 போட்டால் மணித்தியாலத்துக்கு இன்னும் 2,700. மின்னல் அடித்துப் பெருக்கித் தரும் லைட்னிங் மேசை இருக்கிறதே, அதில் ஒவ்வொரு கட்டுக்கும் முதலிலேயே 20 வீதம் கட்டணம் எடுக்கிறார்கள். தம்பி எந்தெந்தப் பெட்டியைத் தொடுகிறார் என்று ஒரு இரவு பக்கத்தில் இருந்து பாருங்கள். சிவப்பு நீலத்தைவிட அதுதான் முக்கியம்.

கொப்பிக்கு வருகிறேன். எங்கள் மேசையில் ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் கட்டம் போட்ட அட்டையும், ஒரு முனை சிவப்பு மறுமுனை நீலம் உள்ள பேனையும் நாங்களே வைப்போம். முடிய முடிய நிரப்புவதும் எங்கள் வேலை. லைவ் திரையில் அதைக் கம்பனியே கீறித் தருகிறது. பெரிய பாதை, சின்னப் பாதை, கரப்பான் பாதை என்று ஐந்து வகை. ஆடுகிறவரை மேசையில் வைத்திருக்க இதைவிட நல்ல சாமான் கிடையாது. அடுத்த கையைச் சொல்லும் சக்தி அதில் இருந்தால் காசு செலவழித்து அச்சடித்து இலவசமாகக் கொடுப்பார்களா?

ஷூவில் கார்ட் குறையக் குறைய வாய்ப்பு மாறத்தானே வேண்டும் என்று தம்பி கேட்கலாம், கணக்குக்காரர் அல்லவா. நியாயமான கேள்வி. மாறுகிறது, ஆனால் கடுகளவு. கார்ட் எண்ணுவதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், 1960களிலேயே பக்கராவையும் ஆராய்ந்தவர். பேங்கர், ப்ளேயர் கட்டுகளில் எண்ணிப் பிழைக்க முடியாது என்றுதான் அவர் கண்டார். அதோடு தம்பி எழுதுவது எந்தக் கார்ட் போனது என்பதை அல்ல, எந்தப் பக்கம் ஜெயித்தது என்பதை. ஒரு சிவப்பு வட்டத்துக்குள் ஒன்பதுக்கு எட்டும் இருக்கலாம், இரண்டுக்கு ஒன்றும் இருக்கலாம்.

பக்கராவில் மேசையை மிஞ்சியவர் என்று ஒரு பெயர் எல்லாரும் சொல்வார்கள்: அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் ஐவி. 2012இல் லண்டனில் 77 லட்சம் பவுண்ட் ஜெயித்தார். கொப்பியால் அல்ல. கார்ட்டின் முதுகுப் பூவேலை இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக வெட்டப்படவில்லை. அவரும் கூட வந்த பெண்ணும் நல்ல கார்ட்டை மட்டும் திருப்பி வைக்கச் சொல்லி டீலரைக் கேட்டு, பிறகு முதுகைப் பார்த்தே எது என்று அறிந்தார்கள். கசினோ காசு கொடுக்கவில்லை. 2017இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்றுதான் என்று தீர்த்தது. கார்ட்டைத் தொடவோ திருப்பச் சொல்லவோ முடியாத போன் திரையில் அதற்கும் வழியில்லை. டெலிகிராமில் முறை விற்கிற ஆளுக்கு வருமானம் உங்கள் தம்பி கட்டுகிற சந்தாவில் வருகிறது, மேசையில் அல்ல.

கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. ஸ்டூடியோக்காரர் வேறு, தம்பி காசு போட்ட தளம் வேறு. ரீகாவில் கார்ட் எவ்வளவு நேர்மையாக விழுந்தாலும் உங்கள் ஒரு லட்சத்தை வைத்திருப்பது ஸ்டூடியோ அல்ல. அந்தத் தளம் எந்த நாட்டு உரிமத்தில் நடக்கிறது, பக்கத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வங்கி விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் சொல்வார்கள்.

பதில் – ஒற்றைப் பனை

அண்ணை, நீங்கள் சொன்னதில் பாதி சரி. நான் தெஹிவளையில் இருக்கிறேன், நானும் ஆடுகிறேன். கொப்பி, டை எல்லாம் வேலைக்காகாது, உண்மை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பேங்கரில் மட்டும் கட்ட வேண்டும். தோற்றால் இரட்டிப்பு, மறுபடி தோற்றால் அதன் இரட்டிப்பு. என்றைக்காவது பேங்கர் வந்துதானே ஆக வேண்டும்? வந்ததும் போனது எல்லாம் திரும்பி, மேலே 500 இலாபம். பிறகு மறுபடி 500இல் தொடங்குவது. பொறுமை உள்ளவனுக்கு இது சரிவரும். அந்தத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

பதில் – பழைய டீலர்

தம்பி, தயவுசெய்து ஒரு தாளும் பேனையும் எடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, உங்கள் காசுக்காகச் சொல்கிறேன்.

500, 1,000, 2,000, 4,000, 8,000. ஐந்து கை தோற்றால் போனது 15,500. ஆறாவது கைக்கு 16,000 கட்டுகிறீர்கள், பேங்கர் வருகிறது. 5 வீதம் கொமிஷன் போக உங்கள் கைக்கு 15,200. ஜெயித்தும் 300 ரூபா குறைவு! எட்டாவது கையில் 64,000 கட்டி ஜெயித்தால் வருவது 60,800. அதற்கு முன் போனது 63,500. 2,700 ரூபா நட்டம். போனது எல்லாம் திரும்பும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவர் கொமிஷனைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

எட்டு முறை தொடர்ந்து பேங்கர் வராமல் போகுமா என்று நினைக்க வேண்டாம். சமமான கைகளை விட்டுப் பார்த்தால், 500இல் தொடங்கும் ஒவ்வொரு சுற்றும் ஏறக்குறைய 286க்கு ஒரு தரம் அப்படி முடியும். ஸ்பீட் மேசையில் மணித்தியாலத்துக்கு அறுபது சுற்றாவது தொடங்குவீர்கள். சில இரவுக்குள் வந்து நிற்கும். வந்தால் 1,27,500 ரூபா போயிருக்கும். ஒன்பதாவது கட்டுக்கு மேசையின் உச்ச வரம்பு இடம் விடுமா என்பது அடுத்த பிரச்சினை. அந்த வரம்பு ஒவ்வொரு மேசையிலும் எழுதியிருக்கிறது. எங்கள் மேசையில் அந்தப் பலகையைத் துடைப்பதும் என் வேலையாக இருந்தது. இரட்டிப்பவர்கள் ஆறாவது ஏழாவது கட்டில்தான் முதல்முறையாக அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பதில் – கணக்குப் பிள்ளை

வெள்ளவத்தை அக்கா, நான் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். எந்த வங்கி என்பது வேண்டாம். கார்ட் விளையாட்டு எனக்குத் தெரியாது, காசு போகிற வழி தெரியும்.

முதலில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். தளத்துக்குக் காசு எப்படிப் போடுகிறார்? வட்ஸ்அப்பில் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கு இலக்கம் அனுப்பி, அதில் வைப்புச் செய்து ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்களா? ஒவ்வொரு தரமும் வேறு வேறு பெயரா? அப்படியென்றால் அது வாடகைக் கணக்கு. பாவம், ஏதோ ஊரில் ஒரு பொடியன் மாதம் கொஞ்சக் காசுக்குத் தன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்திருப்பான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதலில் விசாரிக்கப்படுவது அந்தக் கணக்கின் சொந்தக்காரன்தான். உங்கள் தம்பி தன் கணக்கை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். "உங்களுக்கு வர வேண்டிய காசைச் சீக்கிரம் விடுகிறோம், உங்கள் கணக்கால் இன்னும் இரண்டு பேருக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

கிரிப்டோ வாங்கிப் போடச் சொன்னால் அதுவும் சிக்கல். டெபிட், கிரெடிட் அட்டையால் மெய்நிகர் நாணயம் வாங்க அனுமதியில்லை என்று மத்திய வங்கி பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது.

வெளியே எடுக்கக் கேட்ட காசு பரிசீலனையில் நிற்பது பற்றி. ஒழுங்கான தளம் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் ஒருமுறை கேட்கும், சரிபார்த்து விடும். போனஸ் எடுத்திருந்தால் அந்த நிபந்தனையைப் படியுங்கள். உதாரணமாக 10,000 ரூபா போனஸ், நாற்பது மடங்கு சுழற்ற வேண்டும் என்றால் 4 லட்சம் ரூபாவுக்குக் கட்ட வேண்டும். பல தளங்களில் பக்கராவில் கட்டுவதில் ஒரு சிறு பங்கைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆகவே 4 லட்சம் என்பது பல மடங்காகும். அதற்குள் போனஸ் கரைந்துவிடும்.

ஆனால் காசை விடுவதற்கு "வரி கட்டுங்கள்", "கணக்கைத் திறக்க 10 வீதம் வைப்புச் செய்யுங்கள்" என்று ஒரு சதமாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த ஒரு லட்சம் வெறும் திரை எண். இன்னும் காசு போட விடாதீர்கள். ரசீதுகள், உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு வங்கிக்கும் பொலிஸுக்கும் போகலாம்.

சட்டம் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: இங்கே கசினோ நடத்துவதற்கு உரிமம் வேண்டும், 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது கொடுக்கப்பட்டு வந்தது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை அமைக்கும் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேறு நாட்டு உரிமத்தில் ஓடுகிற தளம் காசு தராவிட்டால் கொழும்பில் இருந்துகொண்டு அவர்களைப் பிடிப்பது மிகவும் கடினம்.

ஒன்றை மட்டும் கூடச் சொல்கிறேன். தம்பி தூக்கம் கெட்டு, நகை அடைவு வைத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கத் தொடங்கினால் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை அது. மனம்விட்டுப் பேச உதவும் சுமித்ரயோ அமைப்பிலும் பேசலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளவத்தை அக்கா

எல்லாருக்கும் மிகவும் நன்றி. நேற்று இரவு தம்பியோடு இருந்து இதை முழுதாகப் படித்தேன். கொப்பி பற்றிய பகுதியில் பேசாமல் இருந்தான். ஒற்றைப் பனை அண்ணாவுக்கு எழுதிய ஆறாவது கைக் கணக்கைத் தானே கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தான், இரண்டு தரம். பிறகு தன் பழைய கட்டுகளை எடுத்துக் காட்டினான். ஜோடிப் பெட்டிகளில் அவன் ஒவ்வொரு கையும் கட்டியிருக்கிறான்.

வங்கி அக்கா கேட்டது சரிதான். வேறு வேறு பெயரில் கணக்கு இலக்கம் வந்திருக்கிறது. "வரி" என்று இன்னும் கேட்கவில்லை. அவன் கணக்கை யாருக்கும் கொடுக்கவில்லை என்று அம்மாவின் தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னான், நம்புகிறேன். சனிக்கிழமை ரசீதுகளை எல்லாம் ஒன்றாக எடுத்து வைப்போம்.

அவன் பழைய டீலர் அண்ணாவிடம் ஒன்று கேட்கச் சொன்னான். கொமிஷனே இல்லாத மேசை என்று ஒன்று இருக்கிறதாம். பேங்கரில் ஜெயித்தால் முழுக் காசு. அப்படியானால் பேங்கர் கூடுதலாக ஜெயிக்கிறது, கொமிஷனும் இல்லை, ஆடுகிறவருக்குத்தானே நன்மை என்கிறான். இதில் என்ன பிழை?

இன்னொன்று என் கேள்வி. இங்கே கசினோவுக்குள் நம் ஆட்கள் சும்மா போக முடியாது என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

பதில் – பழைய டீலர்

உங்கள் கேள்விக்கு முதலில்: உண்மை. இலங்கைக் குடிமக்கள் கசினோ வாசலில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 50 டொலராக இருந்ததை 2025இல் 100 டொலராகக் கூட்டினார்கள். ஆகவே உள்ளே போகிற நம் ஆள் வாசலிலேயே ஒருமுறை யோசிப்பார். நான் நின்ற காலத்தில் மேசையில் பெரும்பாலும் இந்தியரும் சீனரும்தான். போனுக்கு வாசல் கிடையாது.

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. பிழை அவர் கணக்கில் இல்லை, மேசையின் சின்ன எழுத்தில் இருக்கிறது. கொமிஷன் இல்லாத மேசையில் பேங்கர் 6 என்ற எண்ணிக்கையோடு ஜெயித்தால் பாதிக் காசுதான் கொடுப்பார்கள். 500 கட்டினால் 250. பேங்கர் ஆறில் ஜெயிப்பது நூற்றுக்கு 5.39 கை, அதாவது பதினெட்டு பத்தொன்பது கைக்கு ஒரு தரம். அந்தப் பாதியை எல்லாக் கைக்கும் பரப்பினால் 2.69 வீதம். கொமிஷன் மேசையில் வெட்டுவது, பேங்கர் ஜெயிக்கும் 45.86 வீதத்தின் 5 வீதம், அதாவது 2.29. வித்தியாசம் 0.40. அதைப் பழைய 1.06உடன் கூட்டினால் 1.46. கொமிஷன் "இல்லாத" மேசைதான் கூடுதலாக எடுக்கிறது. அந்த மேசையில் பேங்கரைவிட ப்ளேயரில் கட்டுவதே மலிவு, 1.24.

சில மேசைகளில் பேங்கர் 6க்கென்று தனியாக ஒரு பெட்டியும் வைத்திருப்பார்கள், பன்னிரண்டு மடங்கு, பதினைந்து மடங்கு என்று. ஜோடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதையும் தொட வேண்டாம்.

சனிக்கிழமை ரசீது எடுக்கும்போது ஒவ்வொரு வைப்புக்கும் திகதி, நேரம், கணக்கு இலக்கம், பெயர் நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான். அச்செடுக்க, ஸ்கேன் பண்ண என் கடைக்கு வாருங்கள். ஞாயிறு பின்நேரம் தவிர மற்ற நேரம் திறந்திருக்கும், இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.